நூதனசாலையும் கடற்றொழிலாளர் வரலாறும்: விடத்தல்தீவை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

1

பழம்பொருட்களைச் சேகரித்து மக்கள் பார்வைக்கு வைக்கும் நிலையத்தை ஈழத்துத் தமிழர் நூதனசாலை என வழங்கி வந்துள்ளனர். தமிழகத்தார் அருங்காட்சியகம் என்பர். நூதனம் என்பது புதுமையையும் விந்தையையும் குறிக்கும். அருமை என்பது எளிதிற் கிட்டாமையைக் குறிக்கும். சொற்கள் வேறாயினும் அவற்றினடியாக உள்ள கருத்து ஒன்றே. நாளாந்தம் கண்ணிற் படாதது, விலைமதிப்புடையது, அரிதாகக் கிடைப்பது ஆகியனவே காட்சிக்குரியன என்னும் எண்ணம் இவ்விரு சொற்களுள்ளும் பொதிந்து கிடக்கிறது. இவ்வளவுகோலைக் கைக்கொள்வோமாயின், முத்து காட்சிப் பொருளாகும். முத்துக்குளித்தவன் காலூன்றிக் கடலடிக்கு இறங்கிய கல் காட்சிப் பொருளாகாது.

கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு, தேசாதிபதி வில்லியம் கிரகெறியின் காலத்திலே திறக்கப்பட்டது. கோப்பிப் பெருந்தோட்டங்களின் செல்வத்தால் குடியேற்ற அரசின் கருவூலம் நிறைந்திருந்த காலம் அது. அரசர், சமயம், பெருங்கட்டடம் என்பவற்றை மையமாகக் கொண்டு இலங்கை வரலாற்றை நோக்கும் மரபு உருவானதும் ஏறத்தாழ இக்காலப் பகுதியிலேயே. நூதனசாலை அம்மரபின் விளைபொருளாகவும் அதனை வளர்த்த கருவியாகவும் அமைந்தது. வரலாற்று நூலைப் போலவே நூதனசாலையும் ஒரு வரலாற்றெழுத்து என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது, எதற்கு முன்னிடம் அளிப்பது என்னும் தெரிவுகளினூடே அது ஒரு சமூகப் பார்வையை முன்வைக்கிறது.

அண்மைக் காலத்தில் கரையோரச் சமூகங்கள் தத்தம் கடல்சார் மரபைத் தாமே பேணிக் காட்சிப்படுத்தும் முயற்சிகள் உலகின் பல பகுதிகளிலும் தோன்றியுள்ளன. மன்னார்க் கரையோரத்தில், சிறப்பாக விடத்தல்தீவில், அத்தகையதோர் உள்ளூர் நூதனசாலை அமையுமாயின் அது யாருடைய வரலாற்றைச் சொல்லவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

விடத்தல்தீவு, பெயரளவில் தீவெனப்படினும், மன்னார்–பூநகரி வீதியையடுத்துப் பெருநிலக் கரையில் அமைந்த ஊராகும். விடத்தல் என்னும் முள்மரத்தினடியாகப் பெயர் பெற்ற இவ்வூர், பண்டைய மாதோட்டப் பிரதேசத்தின் ஒரு பகுதி. ஆதலின் இதன் கடல் வரலாற்றை மாந்தைத் துறைமுகத்தினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது.

மாதோட்டத்துக் கடலிற் கலங்கள் மலிந்து நின்றமையைச் சுந்தரரின் திருக்கேதீச்சரப் பதிகம் குறிப்பிடுகிறது. பக்திப் பாடலொன்றிலே துறைமுக வருணனை இடம்பெறுவது கவியலங்காரம் மாத்திரமன்று. அக்காலத்து மாதோட்டம் ஒரு வாணிப நகராக மக்கள் மனத்திற் பதிந்திருந்தமைக்கு அது சான்றாகும். இலக்கியம் தரும் இச்சான்றைத் தொல்லியல் உறுதிப்படுத்தியுள்ளது. 1887இல் போக், 1920களில் ஹோகாட், 1950இல் சண்முகநாதன் ஆகியோர் இங்கு அகழ்வுகளை மேற்கொண்டனர். 1980 தொடக்கம் ஜோன் காஸ்வெல் தலைமையில் நடைபெற்ற விரிவான அகழ்வு, போர்ச்சூழல் காரணமாக 1984உடன் நின்றுபோயிற்று. பாரசீக வளைகுடாப் பகுதியின் மெருகிட்ட மட்கலங்களும் சீன மட்கலங்களும் இங்கே கிடைத்தன. போரின் பின்னர் மீண்டும் மேற்கொள்ளப்பட்ட அகழ்வில் மிளகும் கிராம்பும் கண்டெடுக்கப்பட்டன. அவை பற்றிய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. கிராம்பு விளைந்தது கிழக்கிந்தியத் தீவுகளிலே. அங்கிருந்து அது மாந்தைக்கு வந்து சேர்ந்தமை இந்துசமுத்திரத்தின் இரு பாதிகளும் இக்கரையிலே சந்தித்தமையைக் காட்டுகிறது.

எனினும் இச்சான்றுகள் யாரைப் பற்றிப் பேசுகின்றன? சோழராட்சிக் காலத்தில் மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. அங்கே தாழிகுமரன் என்பான் எடுப்பித்த கோயிலைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டு இன்று கொழும்பு நூதனசாலைக்குரிய சேகரிப்பிலே உள்ளது. எண்ணெய் வாணிபர், வெற்றிலை வாணிபர், வாழைக்காய் வாணிபர் ஆகியோரிடம் முதல் வைக்கப்பட்டு, அதன் வட்டியினால் கோயிற் செலவுகள் நடைபெற்றமையை இத்தகைய சாசனங்களால் அறிகிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்த நயினாதீவுத் தமிழ்ச் சாசனம், ஊராத்துறையிலே யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலங்கள் உடையின் காற்கூறு பண்டாரத்துக்கும் முக்காற்கூறு உடையவனுக்கும் உரியதென்றும், வாணிபக் கலங்களாயின் சரிபாதி பண்டாரத்துக்கென்றும் விதிக்கிறது. முதல், வட்டி, உடைமை, பண்டாரப் பங்கு என்பனவே இச்சாசனங்களின் பேசுபொருள். உடைந்த கலத்தில் உயிர்நீத்தவனுக்கு அவற்றிலே இடமில்லை. சாசனம் எழுதுவித்தோர் உடைமை வர்க்கத்தினர் ஆதலின் இது வியப்பன்று. ஆனால் எழுதப்பட்ட சான்றின் இவ்வரையறையை உணராது, கல்வெட்டையும் சீன மட்கலத்தையும் மாத்திரம் வைத்து 'எமது கடல்வழிப் பெருமை' எனக் கொண்டாடும் நூதனசாலை, பண்டைய உடைமையாளரின் பார்வையை இன்றைய மக்களின் பார்வையாக மாற்றிவிடுகிறது.

3

மன்னார்க் கடலின் வரலாற்றிலே உழைப்புக்கும் அதன் பயனுக்கும் இடையிலான பிரிவை மிகத் தெளிவாகக் காட்டுவது முத்துக்குளிப்பாகும். சலாபம் எனப்பட்ட இத்தொழில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளிலே நடைபெற்றது. மன்னாரைப் போத்துக்கேயர் 1560இலும் ஒல்லாந்தர் 1658இலும் கைப்பற்றியமைக்கு அதன் கடலடிச் செல்வமும் ஒரு காரணமாகும். முத்துச் சிப்பி படியும் பாரை ஆராய்ந்து, விளைச்சல் போதுமெனக் கண்ட ஆண்டுகளில் மாத்திரமே அரசு சலாபத்தை அறிவிக்கும். அறிவித்ததும், மக்கள் நடமாட்டம் குறைந்த மணற்கரையிலே சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் வாழும் ஓலைக்குடில் நகர் எழும். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களினின்றும் அரபு நாட்டுக் கரைகளினின்றும் குளியாட்கள் வந்து கூடுவர். 1906ஆம் ஆண்டுச் சலாபத்திற் கடமையாற்றிய லெனாட் வூல்ஃப் அதனைத் தமது தன்வரலாற்றிலே பதிவுசெய்துள்ளார்.

தொழிலின் ஒழுங்கமைப்பு கவனிக்கத்தக்கது. வள்ளத்துக்கு உடையவர் சம்மாட்டி; அதனைச் செலுத்துவோர் தண்டல்; நீரில் இறங்குவோர் குளியாட்கள்; மேலே நின்று கயிறு பிடிப்போர் வேறு. குளியாள் கல்லிற் காலூன்றி ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் வரை இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையிலிட்டு மீள்வான். கரைக்கு வந்த சிப்பி முழுவதும் கொட்டு எனப்பட்ட வேலியடைத்த வளவுக்குள்ளே எண்ணிப் பிரிக்கப்படும். பிரித்தானிய ஆட்சியின் பிற்பகுதியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு; மூன்றில் ஒரு பங்கே தொழில் செய்தோருக்கு. அதிலும் வள்ளத்துக்கும் கயிறு பிடித்தோருக்கும் உரியது கழியவேண்டும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக்கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசு பெற்ற வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. இவ்வருமானத்தைக் கண்ட இலண்டன் மூலதனம் வாளாவிருக்கவில்லை. 1906இல் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்னும் பெயருடைய நிறுவனம், ஆண்டுக்கு 310,000 ரூபா குத்தகையில் இருபதாண்டுகளுக்குப் பார்களைப் பெற்றது. நிறுவனத்தின் பெயரிலே முத்துக்குளிப்போர் இருந்தனர். அதன் பங்குதாரருள் அவர்கள் இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டின் பின் பார்கள் வறிதாகிச் சலாபம் நிகழாமற் போகவே, கம்பனியும் நிலைகுலைந்தது.

இச்சந்தர்ப்பத்தில் கடல்கட்டி என்போர் பற்றியும் குறிப்பிடுதல் தகும். சுறாக்களின் வாயை மந்திரத்தாற் கட்டுவர் என நம்பப்பட்ட இவர் கரையில் இருந்தாலன்றிக் குளியாட்கள் நீரில் இறங்கார். பரம்பரையாக வந்த இவ்வுரிமையைத் தமது காலத்திற் பெற்றிருந்தவர் ஓர் உரோமன் கத்தோலிக்கர் என எமசன் ரெனன்ற் 1859இல் எழுதினார். இந்து மந்திர மரபின் தொழிலைக் கத்தோலிக்கர் செய்ய, முஸ்லிம் குளியாட்களும் அதனை ஏற்றுக் கடலில் இறங்கினர். ரெனன்றுக்கு இது கீழைத்தேயத்து மூடநம்பிக்கை. ஆனால் சமூகவியல் நோக்கிற் பார்க்குமிடத்து, உயிராபத்து மிக்க தொழிலிலே பாதுகாப்புக்கு வேறு வழியற்ற உழைப்பாளர் தமது அச்சத்தைக் கூட்டாக எதிர்கொண்ட முறை இதுவாகும். ஆட்சியாளரும் இதனை நன்குணர்ந்தே கடல்கட்டியை ஆதரித்தனர். நம்பிக்கை தொழிலாளருக்குத் துணிவளித்தது. அத்துணிவின் பயன் அரசின் வருமானமாயிற்று.

இங்ஙனம் கடலடியினின்றும் வந்த முத்து, கண்ணாடிப் பேழையினுள்ளே பட்டுத்துணியின் மேல் வைக்கப்படும்போது, அதன் பின்னால் உள்ள உழைப்பு முற்றாக மறைந்துவிடுகிறது. பண்டத்தின் மதிப்பு அதன் இயல்பான குணம் போலத் தோன்றுவதைப் பற்றி மார்க்ஸ் விளக்கியது சந்தைக்கு மாத்திரமன்றிக் காட்சிச்சாலைக்கும் பொருந்தும்.

4

முத்தும் கிராம்பும் விட்டுவிட்டு நிகழ்ந்தவை. விடத்தல்தீவு போன்ற ஊர்களின் வாழ்க்கை, நாள்தோறும் செய்த தொழிலில் தங்கியிருந்தது. கண்டற்காடும் சேற்றுத்தரையும் கடற்புல்லும் நிறைந்த ஆழங்குறைந்த கடல் இது. வத்தை, வள்ளம், தோணி என வழங்கும் கலங்களின் அமைப்பும், களங்கண்ணி, கரைவலை முதலிய வலைகளின் பயன்பாடும் இக்கடலின் இயல்புக்கேற்ப வளர்ந்தவை. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அதற்கேற்பத் தொழிற்களத்தை மாற்றிக்கொள்ளும் அறிவு பல தலைமுறைகளின் உழைப்பினால் திரண்டதாகும். இது எந்தச் சாசனத்திலும் பொறிக்கப்பட்டதன்று. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதியின் நாட்டுக்கூத்துக்களையும் நாட்டுப்பாடல்களையும் பதிப்பித்தமை, ஏட்டுக்கு வெளியே வாழ்ந்த பண்பாட்டைப் பல்கலைக்கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்த முக்கிய முயற்சியாகும். பாடலுக்கும் கூத்துக்கும் கிட்டிய அக்கவனம், வள்ளம் கட்டும் தச்சனின் அளவைக்கும் காற்றறிவுக்கும் அதே அளவிற் கிட்டவில்லை. பாய் மறைந்து இயந்திரமும், மரம் மறைந்து கண்ணாடியிழையும், பருத்தி நூல் மறைந்து நைலோனும் வந்த பின்னர், அவ்வறிவில் எஞ்சியது முதியோரின் நினைவிலே மாத்திரம் நிலைத்துள்ளது.

இக்கரையோரத்தின் கடல்மரபு குற்றமற்றதெனக் கொள்வதும் தவறாகும். 1820கள் தொடக்கம் தென்னிந்தியாவினின்றும் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரிற் பெரும்பகுதியினர் பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கடல் கடந்த செலவு தொழிலாளியின் கடனிலே சேர்க்கப்பட்டது. ஆளேற்றிய பாயும் மரபுதான். அதில் ஏறியவனின் கடனும் மரபின் பகுதிதான். 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழரின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபெற்ற நடைபயணம் இவ்வுண்மையை மீண்டும் நினைவூட்டியது. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற்சேவையும் தொடங்கியபோது ஆட்போக்குவரத்து நீராவிக்கும் இரும்புப் பாதைக்கும் மாறிற்று. 1964இல் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு நடைபெற்ற சேவையும் 1984உடன் நின்றது.

அதனையடுத்து நிகழ்ந்தவற்றை எழுதாது இவ்வூரின் கடல் வரலாற்றை எழுத முடியாது. விடத்தல்தீவிலே கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே கடலை நம்பி வாழ்ந்தனர். 1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்தினின்றும் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார்ப் பகுதி முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் வள்ளங்களிலே கற்பிட்டிக்கு அனுப்பப்பட்டனர். பன்னூறாண்டு வாணிபத்துக்கும் தொழிலுக்கும் பயன்பட்ட கடல்வழியே ஒரு மக்கட் கூட்டத்தைப் பிறந்த மண்ணினின்றும் அகற்றும் வழியாயிற்று. பின்னர் கடற்புலிகளின் தளமாகவிருந்த விடத்தல்தீவை 2008 ஜூலை 16இல் அரச படையினர் கைப்பற்றினர். எஞ்சியிருந்த மக்களும் போர்முனையோடு சேர்ந்து இடம்பெயர நேர்ந்தது. வெளியேறியவரோடு வலையும் வள்ளமும் மட்டுமா போயின? மூத்த தலைமுறை இளைய தலைமுறைக்குத் தொழில் கற்பிக்கும் தொடர்பே அறுந்தது.

மீண்டும் குடியேறியோர் இன்று எதிர்நோக்கும் பிரச்சினைகளும் கடலுரிமை பற்றியனவே. பாக்குநீரிணையின் மறுகரையினின்றும் வரும் இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்கின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தினாற் தடைசெய்தது. ஆயினும் பிரச்சினை தீரவில்லை. இப்படகுகளில் வருவோரும் கூலிக்கும் பங்குக்கும் உழைப்போரே; முதலீடு வேறொருவருடையது. இவ்வுண்மையை மறந்தால் இரு கரைகளின் உழைப்பாளரும் ஒருவரையொருவர் பகைவராகவே காண்பர். 2016இல் விடத்தல்தீவை அண்டிய 29,180 ஹெக்டேயர் பரப்பு இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2024 மே மாதத்தில் அதில் 168 ஹெக்டேயர் பரப்பை இறால் முதலியன வளர்க்கும் பண்ணைத் திட்டத்துக்கென விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. சூழலியலாளர் அதனை நீதிமன்றத்தில் எதிர்த்தனர். கம்பனிக்குக் குத்தகையாகப் பார்கள் கொடுக்கப்பட்ட 1906ஆம் ஆண்டை இது நினைவூட்டுமாயின் அது தற்செயலன்று.

5

மேற்கூறியவற்றின் பின்னணியில் நூதனசாலை பற்றிய வினாவுக்கு மீளலாம். நம்முன் மூன்று மாதிரிகள் உள்ளன.

முதலாவது காலியிலுள்ள கடல்சார் நூதனசாலைகள். அங்கே பெரும் கவனம் பெற்றது 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொன்ட்ஸ்ரர் என்னும் ஒல்லாந்தக் கம்பனிக் கப்பலாகும். 2001 தொடக்கம் மேற்கொள்ளப்பட்ட நீரடி அகழ்வு இலங்கைத் தொல்லியலாளருக்குச் சிறந்த பயிற்சிக் களமாக அமைந்தமையை மறுக்கவியலாது. ஆயினும், ஆவணமும் நிதியும் உள்ள கம்பனியின் கலமே வரலாற்றுக் கலமாகும் நிலையையும் அது காட்டுகிறது.

இரண்டாவது பஹ்ரெயின். அங்கே முஹர்ரக் தீவின் முத்துக்குளிப்பு மரபு 2012இல் 'தீவுப் பொருளாதாரத்தின் சான்று' என்ற வகையிலே உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வணிகரின் மாளிகைகள் மட்டுமன்றிச் சிப்பிப் பார்கள் மூன்றும், வள்ளங்கள் புறப்பட்ட கரையின் ஒரு பகுதியும் அதனுள் அடங்கும். கடலையும் கரையையும் கட்டடத்தையும் ஒரே பொருளாதாரத்தின் உறுப்புகளாகக் காட்டும் இந்நோக்கு விதந்துரைக்கத்தக்கது. மன்னாருக்கு வந்த அரபுக் குளியாட்களை நினைக்கும்போது இதன் பொருத்தம் மேலும் புலனாகும்.

மூன்றாவது நம் நாட்டிலேயே உள்ளது. கம்பளைக்கு அண்மையில் பாரதெக்கவிலே, பழைய லயன் அறைகளில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அதுவாகும். தொழிலாளர் வாழ்ந்த அறையே காட்சிக்கூடம். அவர் கையாண்ட கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களுமே காட்சிப் பொருட்கள். நூதனமோ அருமையோ இல்லாத இப்பொருட்கள், தேயிலைப் பொருளாதாரத்தின் வரலாற்றை எந்தத் துரைமார் பங்களாவினும் தெளிவாகச் சொல்கின்றன.

விடத்தல்தீவுக்குரிய நூதனசாலை இம்மூன்றாவது வழியிலே, இரண்டாவதன் விரிவையும் உள்வாங்கி அமைதல் வேண்டும். மாந்தையின் மட்கலத்துக்கு அருகே சுமை தூக்கியவனின் இடம் சுட்டப்படவேண்டும். முத்துக்கு அருகே கல்லும் கயிறும் கொட்டின் பங்குக் கணக்கும் வைக்கப்படவேண்டும். வத்தையும் வள்ளமும் கட்டும் முறை, தச்சரைக் கொண்டே கட்டுவித்துக் காட்டப்படவேண்டும். காற்றின் பெயர்களும் தொழிற்பாடல்களும் முதியோரின் குரலிலேயே பதியப்படவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, 1990இல் வெளியேற்றப்பட்டோரின் பொருட்களும் வாக்குமூலங்களும் தனியறையொன்றில் ஒதுக்கப்படாது, ஊரின் பொது வரலாற்றினுள்ளே இடம்பெறவேண்டும். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வாழும் அவ்வூரவருக்கு அதன் ஆட்சியிலே பங்கு இருத்தல் வேண்டும். அவர்களை விட்டு எழுதப்படும் கடல்மரபு ஒரு பாதியின் மரபேயாகும்.

வறுமையில் வாடும் மீனவனுக்கு நூதனசாலை எதற்கு என்ற வினா எழலாம். நியாயமான வினாதான். சுற்றுலாப் பயணிக்கு அழகூட்டும் காட்சிக்கூடமாயின் அதனால் மீனவனுக்குப் பயனில்லை. ஆனால் கரையும் கண்டற்காடும் கடலும் யாருக்குரியன என்ற வழக்கிலே, தலைமுறைகளாக அங்கு தொழில் செய்தமைக்கான சான்று தேவைப்படுகிறது. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், 2018 ஏப்பிரல் 23இல் தமது படகுகளிலேறித் தாமே தீவுக்கு மீண்டபோது, அவர்கள் எடுத்துச் சென்ற முதற் சான்று அக்கடலில் வழி தெரிந்த அறிவே. அத்தகைய அறிவைத் திரட்டிப் பாதுகாக்கும் இடம் உரிமைப் போராட்டத்தின் ஆவணக் களஞ்சியமாகவும் அமையும்.

இப்பணியிற் பல்கலைக்கழகத் தமிழ் மாணவருக்கும் ஆய்வாளருக்கும் பங்குண்டு. கல்வெட்டையும் பதிகத்தையும் படிக்கக் கற்ற நாம், வள்ளத்தின் பலகை இணைப்பையும் வலையின் கண்ணளவையும் அதே கவனத்தோடு படிக்கவேண்டும். தொழில் தெரிந்த தலைமுறை இன்னும் இக்கரையிலும் புத்தளக் கரையிலும் வாழ்கிறது. கட்டடம் எழும்வரை காத்திராது, அம்முதியோரிடம் கேட்டுப் பதியும் வேலையை இப்பொழுதே தொடங்குதல் இன்றியமையாததாகும்.